தம்பியின் விபத்து வழக்கு: ஆஸ்பத்திரிக் குறிப்பில் "தானாகச் சறுக்கி விழுந்தார்" என்று இருக்கிறது

கவிதா_பிறை

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது, பொறுமையாகப் படித்து யாராவது வழி சொல்லுங்கள்.

என் தம்பிக்கு 29 வயது. பினாங்கில் பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் டெக்னீஷியனாக வேலை. போன வருடம் மார்ச் மாதம் நைட் ஷிப்ட் முடிந்து காலை ஏழு மணிபோல மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான். இடது பக்கச் சந்திலிருந்து ஒரு கார் நிற்காமல் வெளியே வந்து அவனை இடித்துவிட்டது. இடது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் உடைந்து, உள்ளே கம்பி வைத்து, பதினோரு நாள் வார்டில் இருந்தான். ஐந்து மாதம் எம்சி, அதாவது மருத்துவ விடுப்பு. இப்போது வேலைக்குப் போகிறான், ஆனால் ஷிப்ட் முழுவதும் நிற்க முடியவில்லை, ஓவர்டைம் அடியோடு போய்விட்டது. மாடிப்படி இறங்கும்போது ஒவ்வொரு படிக்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறான், அதைப் பார்க்க அம்மாவால் முடியவில்லை.

வழக்குப் போட்டிருக்கிறோம். இப்போது இரண்டு சிக்கல்.

முதல் சிக்கல்: ஆஸ்பத்திரியில் வாங்கிய மெடிக்கல் ரிப்போர்ட்டில், அவசரப் பிரிவுக்கு வந்தபோது எழுதிய வரியில், மோட்டார் தானாகச் சறுக்கி விழுந்ததாக இருக்கிறது. மலாயில் தெர்பாபாஸ் என்றுதான் போட்டிருக்கிறார்கள். கார் என்ற வார்த்தையே இல்லை. தம்பி அப்படிச் சொல்லவே இல்லை என்கிறான். போலீஸ் ரிப்போர்ட்டில் கார் இடித்ததாகத்தான் கொடுத்திருக்கிறான், ஆனால் அது வார்டிலிருந்து வந்த பிறகு, பன்னிரண்டாவது நாள் கொடுத்தது. கார்க்காரர் அன்றைக்கே ரிப்போர்ட் செய்து, இவன் வேகமாக வந்து தானாக விழுந்தான் என்று எழுதி வைத்துவிட்டார். இப்போது அவருடைய இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டார்.

இரண்டாவது: தம்பி மூன்று வருடத்துக்கு முன்பு புட்சால் (சின்ன மைதானக் கால்பந்து) ஆடி அதே இடது முழங்காலில் அடிபட்டு, பக்கத்துக் கிளினிக்குக்கு மூன்று நான்கு முறை போயிருக்கிறான். அவர்கள் இப்போது பழைய ரெக்கார்ட் எல்லாவற்றையும் கேட்கிறார்கள். சொந்தக்காரர் ஒருவர், அதைப் பற்றி வாயே திறக்காதீர்கள், கேஸ் போய்விடும் என்கிறார். எங்கள் வக்கீலிடம் இந்தப் பழைய அடியை இன்னும் சொல்லவில்லை. சொன்னால் கேஸை விட்டுவிடுவாரோ என்று பயம்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குமாஸ்தா_சேகர்

தங்கச்சி, முதலில் இதைச் செய்யுங்கள்: நாளைக்கே வக்கீலுக்குப் போன் போட்டு புட்சால் அடியைச் சொல்லிவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நான் பட்டர்வொர்த்தில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் பதினேழு வருடமாகக் குமாஸ்தா. எங்களிடம் வருவது பெரும்பாலும் ரன்னிங் டவுன் கேஸ்தான், அதாவது உங்கள் தம்பி கேஸ் மாதிரி. இந்த வழக்குகளில் கோர்ட் இரண்டு கேள்வி கேட்கும். தவறு யார்மேல், எத்தனை பங்கு? அப்புறம், எவ்வளவு பணம்? மெடிக்கல் ரெக்கார்ட் இரண்டாவது கேள்விக்கு மட்டும்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். முதல் கேள்வியிலும் அது நுழையும் என்பதற்கு உங்கள் கேஸே சாட்சி.

அவசரப் பிரிவில் எழுதும் முதல் வரி எப்படி வருகிறது என்று பாருங்கள். ஆம்புலன்ஸ்காரர் கொண்டு வந்து இறக்குகிறார், மெடிக்கல் அசிஸ்டெண்ட் "என்ன ஆச்சு" என்று கேட்கிறார், யார் பதில் சொன்னாலும் அதை எழுதுகிறார். அவருக்கு முக்கியம் தலையில் அடியா, ரத்தம் போகிறதா, கால் விரலில் நாடி இருக்கிறதா என்பதுதான். யார்மேல் தவறு என்று தீர்மானிக்க அவர் எழுதவில்லை. ஆனால் விபத்து நடந்து ஒரு மணி நேரத்துக்குள், வழக்கு என்ற நினைப்பே யாருக்கும் இல்லாத நேரத்தில் எழுதியது என்பதால் நீதிபதி அதற்கு எடை கொடுப்பார். அதனால் அதை அலட்சியமாக விடவும் கூடாது, அதோடு எல்லாம் முடிந்தது என்று உட்காரவும் கூடாது.

செய்ய வேண்டியது என்னவென்றால், அந்த வரியை யார் சொன்னார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். நீங்கள் வாங்கியது மெடிக்கல் ரிப்போர்ட், அது பிறகு ஒரு டாக்டர் கோப்பைப் பார்த்துச் சுருக்கி எழுதிக் கொடுப்பது. அடியில் இருக்கும் மூலக் குறிப்புகள் வேறு. ஆம்புலன்ஸ் தாள், டிரியாஜ் தாள் (வந்தவுடன் எவ்வளவு அவசரம் என்று பார்த்து எழுதுவது), வார்டில் சேர்க்கும்போது எலும்புப் பிரிவு டாக்டர் எழுதியது, நர்ஸ் குறிப்பு, ஆபரேஷன் குறிப்பு. அதையெல்லாம் எடுக்கச் சொல்லுங்கள். உங்கள் தம்பி அன்று மதியம் வார்டில் டாக்டரிடம் என்ன சொன்னான் என்பது அங்கே இருக்கும்.

இன்னொன்றும் பாருங்கள், எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. உடம்பில் எங்கெங்கே காயம் என்று அவர்கள் எழுதியிருப்பார்கள். தானாகச் சறுக்கி விழுந்து ரோட்டில் இழுத்துக்கொண்டு போனவனுக்கு ஒரு பக்கம் முழங்கை, இடுப்பு, முழங்கால் என்று தோல் உரிந்த சிராய்ப்பு இருப்பது வழக்கம். மோட்டார் சாயாமல் ஓடிக்கொண்டிருக்கும்போது காரின் பம்பர் நேராகக் காலில் இடித்தால் முழங்காலுக்குக் கீழே, பம்பர் உயரத்தில் எலும்பு நொறுங்கும். கார் இடது பக்கத்திலிருந்து வந்தது, உடைந்தது இடது கால். இதை நீங்களும் நானும் சொன்னால் ஊகம், எலும்பு மருத்துவ நிபுணர் எக்ஸ்ரேயைப் பார்த்துச் சொன்னால் சாட்சியம். மோட்டாரின் படங்கள், காரின் முன்பக்கப் படம், போலீஸ் போட்ட ஸ்கெட்ச் பிளான் எல்லாவற்றையும் எக்ஸ்ரேயோடு சேர்த்து அவரிடம் காட்ட வேண்டும்.

பன்னிரண்டாவது நாள் போலீஸ் ரிப்போர்ட் பற்றி. 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி 24 மணி நேரத்தில் ரிப்போர்ட் செய்ய வேண்டும், தெரியும். ஆனால் அந்தப் பதினோரு நாளும் அவன் எங்கே இருந்தான் என்பதற்கு அட்மிஷன் தேதியும் டிஸ்சார்ஜ் தேதியும் இருக்கின்றனவே. டிஸ்சார்ஜ் ஆன மறுநாளே போயிருக்கிறான். அந்த இரண்டு தேதியையும் ரிப்போர்ட்டுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினால் தாமதத்துக்குப் பதில் கிடைத்துவிடும்.

கோர்ட்டில் ஆவணங்களை ஏ, பி, சி என்று மூன்று கட்டாகப் பிரிப்பார்கள். ஏ கட்டு என்றால் தாளும் உண்மை, அதில் எழுதியதும் உண்மை என்று இரு தரப்பும் ஒத்துக்கொண்டது. பி என்றால் தாள் உண்மை, எழுதியதை ஒத்துக்கொள்ளவில்லை, எழுதியவர் வந்து சொல்ல வேண்டும். சி என்றால் தாளே சந்தேகம். அந்த "தெர்பாபாஸ்" ரிப்போர்ட் எந்தக் கட்டில் போகிறது என்று வக்கீலிடம் கேளுங்கள். அவசரத்தில் ஏ கட்டில் போட்டுவிட்டால் பிறகு அந்த வரியோடு சண்டை போடுவது பெரும்பாடு. நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், நல்ல கேஸ் ஒன்று அப்படித்தான் பாதியாகப் போனது.

ராஜம்மா_ஓய்வு

கவிதா, நான் அரசாங்க ஆஸ்பத்திரியில் ரெக்கார்ட் யூனிட்டில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். சேகர் தம்பி சொன்ன மூலக் குறிப்புகளை எப்படிக் கேட்பது என்று நான் சொல்கிறேன்.

மெடிக்கல் ரிப்போர்ட்டுக்கு ஒரு பாரம், நோயாளியின் கையெழுத்து, அடையாள அட்டை நகல், கட்டணம், இதெல்லாம் நீங்கள் ஏற்கெனவே செய்திருப்பீர்கள். குறிப்புகளின் நகல் வேண்டுமென்றால் அதைத் தனியாக, கடிதமாக, வக்கீல் மூலமாகக் கேட்பது நல்லது. எழுதும்போது "எல்லா ரெக்கார்டும்" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். எந்தத் தேதி, எந்தப் பிரிவு, எந்தத் தாள் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். கவுண்டரில் இருப்பவருக்கு ஒரு நாளைக்கு எத்தனையோ கடிதம் வரும், எதைத் தேட வேண்டும் என்று தெளிவாக இருந்தால் கோப்பு சீக்கிரம் எழுந்து வரும். கோப்பு ஆஸ்பத்திரிக்குச் சொந்தம், அதைத் தூக்கிக் கொடுக்க மாட்டார்கள். உள்ளே இருப்பது தம்பியின் உடம்பைப் பற்றியது, அதைத் தெரிந்துகொள்ள அவனுக்கு இடம் உண்டு. மறுத்தால் வக்கீல் கோர்ட் மூலம் கேட்கலாம், 2012 கோர்ட் விதிகளில் 24ஆம் ஆர்டர் அதற்குத்தான் இருக்கிறது.

எக்ஸ்ரே இப்போது சிடியில் கொடுப்பார்கள். அன்றைய எக்ஸ்ரே, ஆபரேஷனுக்குப் பிறகு எடுத்தது, கடைசியாக எடுத்தது, மூன்றும் வேண்டும்.

ஒரு விஷயத்தை மனசாரச் சொல்கிறேன். எத்தனையோ பேர் கவுண்டருக்கு வந்து "மிஸ்ஸி, இந்த வரியை மாத்திக் கொடுங்க" என்று கேட்டிருக்கிறார்கள். அழுதிருக்கிறார்கள். மாற்ற முடியாது. மாற்றவும் கூடாது. எழுதியது எழுதியதுதான், அதை அடித்து வேறு எழுதினால் முழுக் கோப்புமே நம்ப முடியாததாகிவிடும். ஆனால் ரிப்போர்ட் எழுதிய டாக்டரிடம் ஒரு கேள்வி எழுதிக் கேட்கலாம்: இந்த விவரத்தை யார் கொடுத்ததாகக் குறிப்பில் இருக்கிறது, நோயாளியா, கூட வந்தவரா, ஆம்புலன்ஸ் ஊழியரா? அந்த நேரம் நோயாளிக்கு வலி ஊசி போட்டிருந்ததா, எத்தனை மணிக்கு? நினைவு எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று பதினைந்துக்கு எண் போடுவார்கள், ஜிசிஎஸ் என்று இருக்கும், அது எவ்வளவு? டாக்டர் கோப்பைப் பார்த்து உள்ளதை உள்ளபடி பதில் எழுதித் தருவார். கோப்பில் ஒரு எழுத்தையும் தொடாமலே அந்த வரிக்கு விளக்கம் கிடைத்துவிடும்.

தம்பி கால் வலி இல்லாமல் நடக்கட்டும் அம்மா, பிரார்த்தனை செய்கிறேன்.

தனா_ஜார்ஜ்டவுன்

நான் சேகரோடு ஒத்துப்போகவில்லை. பழைய கிளினிக் ரெக்கார்ட் தம்பியின் சொந்த விஷயம். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 இருக்கிறது, உடல்நல விவரத்தை அவர் சம்மதம் இல்லாமல் கிளினிக் கொடுக்க முடியாது. அவர்கள் கேட்டால் கேட்டுக்கொண்டே இருக்கட்டும், நாமாகவே கொண்டுபோய் எதிராளி கையில் கத்தியைக் கொடுக்க வேண்டுமா? புட்சால் ஆடாத இளைஞன் எவன் இருக்கிறான்.

குமாஸ்தா_சேகர்

தனா, உங்கள் கோபம் நியாயம்தான், எல்லா ரெக்கார்டும் கொடு என்று கேட்பது அதிகப்படி. அதற்கு வக்கீல் வரம்பு போடலாம்: இடது கால், இடது முழங்கால், இத்தனை வருடம், அவ்வளவுதான். தோல் நோய்க்குப் போனதும் மனக்கவலைக்கு மாத்திரை வாங்கியதும் இந்த வழக்குக்குச் சம்பந்தமில்லை. ஆனால் அதே காலில் பட்ட பழைய அடி சம்பந்தமில்லை என்று எந்த நீதிபதியும் சொல்ல மாட்டார். நீங்கள் கொடுக்காவிட்டால் அவர்கள் கோர்ட்டில் உத்தரவு கேட்பார்கள், கிடைக்கும். அந்தச் சட்டமும் கோர்ட் உத்தரவுக்குக் குறுக்கே நிற்காது.

மறைத்தால் என்ன ஆகும் என்று சொல்கிறேன். தம்பி கூண்டில் ஏறி, இதற்கு முன் காலில் எந்தப் பிரச்சினையும் இல்லை என்று சொல்வான். எதிர்த்தரப்பு வக்கீல் அதை இரண்டு தரம் திருப்பிக் கேட்டு உறுதி செய்துகொள்வார். பிறகு கிளினிக் கார்டை எடுத்து நீட்டுவார். அதற்குப் பிறகு கார் சந்திலிருந்து வந்தது என்று அவன் சொல்வதையும் நீதிபதி சந்தேகத்தோடுதான் கேட்பார். முழங்காலுக்காகப் பொய் சொன்னவன் என்ற பெயர் முழுச் சாட்சியத்தின்மேலும் ஒட்டிக்கொள்ளும்.

சொல்லிவிட்டால்? முழங்கால் வேறு, உடைந்தது அதற்குக் கீழே உள்ள எலும்பு. புட்சாலுக்குப் பிறகு விபத்து வரை அவன் பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்திருக்கிறான், ஓவர்டைம் செய்திருக்கிறான், சம்பளச் சீட்டு இருக்கிறது. அந்தச் சீட்டுகளே முழங்கால் ஆறிவிட்டது என்பதற்கு ஆதாரம். ஒருவேளை பழைய அடி முழுதாக ஆறவில்லை என்றே வைத்துக்கொள்வோம், அப்போதும் இடித்தவன் தப்ப முடியாது. பலவீனமான காலை இடித்தாலும் இடித்தது இடித்ததுதான், விபத்தால் எவ்வளவு கூடியதோ அதற்கு அவன் பொறுப்பு. எது பழையது எது புதியது என்று பிரித்துச் சொல்லத்தான் நிபுணர் இருக்கிறார், அவரிடம் பழைய கார்டையும் காட்டினால்தான் பிரிக்க முடியும்.

வாசு_செந்தூல்

நான் கோலாலம்பூரிலிருந்து எழுதுகிறேன். வக்கீலும் இல்லை டாக்டரும் இல்லை, அடிபட்டவன். 2019இல் லோரி இடித்து வலது தொடை எலும்பு உடைந்தது, ஜாலான் டூத்தா கோர்ட்டில் கேஸ் நடந்தது. எனக்குக் கிடைக்க வேண்டியதில் ஒரு பங்கு என்னுடைய கவனக்குறைவால்தான் போனது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கிளினிக்குக்குப் போகும்போதெல்லாம் டாக்டர் "எப்படி இருக்கு?" என்பார். நம்ம ஆட்கள் என்ன சொல்வோம்? "ஓகே டாக்டர், பரவாயில்லை." மூன்று மணி நேரம் காத்திருந்து உள்ளே போகிறோம், அவர் முகத்தில் களைப்பு, வெளியே இன்னும் முப்பது பேர், நமக்கே சங்கடமாக இருக்கும், பரவாயில்லை என்று சொல்லிவிட்டு வருவோம். அவர் அதை அப்படியே எழுதிவிடுவார், வலி இல்லை, நன்றாக நடக்கிறார். இரண்டு வருடம் கழித்து கோர்ட்டில் நான் ராத்திரி வலியால் தூங்கவில்லை என்று சொன்னபோது, என் கோப்பிலிருந்து நான்கு தேதியை எடுத்துப் படித்தார்கள். நான்கிலும் "வலி இல்லை". நான் பொய் சொல்லவில்லை, டாக்டரும் பொய் எழுதவில்லை. மரியாதைக்குச் சொன்ன வார்த்தை அது.

ஆகவே கவிதா, தம்பியோடு நீங்களும் உள்ளே போங்கள். படி இறங்க முடியவில்லை, எத்தனை நிமிடம் நின்றால் வலி வருகிறது, ராத்திரி எத்தனை தரம் எழுகிறான், சப்பணம் போட்டு உட்கார முடிகிறதா, இதைச் சொல்ல வேண்டும். கூட்டியும் சொல்லாதீர்கள் குறைத்தும் சொல்லாதீர்கள்.

பிசியோ பற்றி. நான் ஆறு முறை போய்விட்டு நிறுத்திவிட்டேன், லீவு கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக பூச்சோங்கில் ஒரு சின்சேயிடம் (சீன நாட்டு வைத்தியர்) போய் எண்ணெய் தேய்த்துக்கொண்டேன், ஒவ்வொரு முறையும் எண்பது வெள்ளி (ரிங்கிட்), ரசீது கிடையாது. எதிர்த்தரப்பு சொன்னது: சிகிச்சையை இவரே விட்டுவிட்டார், கால் மடங்காததற்கு இவரே காரணம். சின்சே காசில் ஒரு வெள்ளி திரும்ப வரவில்லை. போக முடியாவிட்டால் போன் செய்து தேதியை மாற்றுங்கள், வராதவர் என்று கார்டில் விழ விடாதீர்கள்.

ரசீதுகள். காலில் வைத்த கம்பியை நாங்களே காசு கொடுத்து வாங்கினோம், உங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். அந்த ரசீது வெயிலில் மங்கிவிடும் தாள், அன்றைக்கே நகல் எடுங்கள். ஊன்றுகோல், கட்டு, கிராப் டாக்சிக் காசு, எல்லாம். அரசாங்க ஆஸ்பத்திரியில் நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளிதான் என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள், அந்த ஐந்து வெள்ளிச் சீட்டுதான் அந்தத் தேதியில் நீங்கள் அங்கே இருந்ததற்குச் சாட்சி.

கடைசியாக ஒன்று. நான் வார்டில் கிடந்தபோது ஒருவர் வந்து, அட்வான்ஸ் தருகிறேன், கேஸை நான் பார்த்துக்கொள்கிறேன், ஜெயித்தால் இத்தனை சதவீதம் என்று வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்டார். என் பக்கத்துப் படுக்கைக்காரர் போட்டுவிட்டார், ரசீது, எக்ஸ்ரே எல்லாவற்றின் ஒரிஜினலும் அந்த ஆளோடு போனது. ஜெயித்தால் பங்கு என்று பேசுவது 1976 வழக்கறிஞர் தொழில் சட்டத்திலேயே தடை என்று எனக்கு அப்போது தெரியாது. ஒரிஜினலை எவர் கேட்டாலும் நகலைக் கொடுங்கள்.

மாலா_பெர்க்கேசோ

குறுக்கே ஒரு கேள்வி, கவிதா. தம்பி வேலை முடிந்து வீட்டுக்கு வரும் வழியில்தானே விபத்து? அது பெர்க்கேசோவிலும் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) வேலை சார்ந்த விபத்தாகச் சேரும். கம்பெனி பாரம் அனுப்பியதா? எம்சி இருந்த காலத்துக்குத் தற்காலிகப் பலனும், கால் முழுதாகத் திரும்பவில்லை என்றால் மருத்துவக் குழு பார்த்து நிரந்தர ஊனத்துக்கான பலனும் உண்டு. காரோட்டிமேல் போட்ட வழக்கு வேறு, இது வேறு.

நான் இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உங்கள் முதல் சிக்கல். பெர்க்கேசோ பாரத்திலும் விபத்து எப்படி நடந்தது என்று ஒரு கட்டம் இருக்கிறது. கம்பெனியின் எச்ஆர் ஆள் அதை நிரப்பியிருப்பார், அவர் ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டைப் பார்த்து "சறுக்கி விழுந்தார்" என்றே எழுதியிருந்தால் அது இரண்டாவது தாளாகிவிடும். என்ன எழுதியிருக்கிறது என்று உடனே பாருங்கள்.

கவிதா_பிறை

எல்லோருக்கும் நன்றி. எழுதி ஆறு வாரம் ஆகிவிட்டது, நடந்ததைச் சொல்கிறேன்.

அன்றைக்கே வக்கீலிடம் புட்சால் கதையைச் சொன்னோம். அவர் கோபப்படவில்லை, முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று மட்டும் கேட்டார். கிளினிக்கில் கார்டை வாங்கிப் பார்த்தால் மூன்று வரிதான்: முழங்காலில் வீக்கம், ஐஸ், ஒரு வாரம் ஓய்வு. கடைசி வரியில் வலி போய்விட்டது என்று இருக்கிறது. இதற்கா இத்தனை நாள் தூங்காமல் இருந்தோம் என்று அம்மா கேட்டார்.

ராஜம்மா அம்மா, நீங்கள் சொன்ன மாதிரியே தாள்களின் பெயர் போட்டுக் கடிதம் கொடுத்தோம். நேற்று நகல் வந்தது. டிரியாஜ் தாளில் நேரம் காலை 7.50. விவரம் கொடுத்தவர் என்ற இடத்தில் "பொதுமக்கள்" என்று இருக்கிறது, தம்பி இல்லை. வலி ஊசி போட்டது 7.40, ஆம்புலன்சிலேயே. அப்புறம் மதியம் 2.15க்கு எலும்புப் பிரிவு டாக்டர் எழுதிய தாள். கையெழுத்து கோழிக் கிறுக்கல், நானும் தம்பியும் டார்ச் அடித்து எழுத்து எழுத்தாகப் படித்தோம். இடது பக்கச் சந்திலிருந்து வந்த கார் மோதியது, நோயாளி சொன்னது என்று இருக்கிறது. தம்பி அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசவே இல்லை. ஒன்றரை வருடமாக எல்லோரும் அவனைப் பொய்யன் மாதிரிப் பார்த்தார்கள் என்ற வேதனை அவனுக்கு.

உடம்பில் காயம் வரைந்த படத்தில் வலது பக்கம் உள்ளங்கையில் மட்டும் சிராய்ப்பு. இடுப்பிலோ முழங்கையிலோ ஒன்றும் இல்லை. சேகர் அண்ணா, நீங்கள் சொன்னதை வக்கீலிடம் சொன்னேன், நிபுணரிடம் இதையும் கேட்கப் போகிறார்.

மாலா அக்கா, பெர்க்கேசோ பாரத்தில் நல்ல வேளையாகக் கார் இடித்ததாகவே எழுதியிருக்கிறார்கள்.

இப்போது எதிர்த்தரப்பு அவர்களுடைய டாக்டரிடம் தம்பியைப் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். போகலாமா? பயமாக இருக்கிறது.

குமாஸ்தா_சேகர்

அந்த 2.15 தாளைப் படித்ததும் எனக்கே மனசு நிறைந்துவிட்டது.

போகத்தான் வேண்டும். அவர்கள் தரப்பும் பரிசோதிப்பது வழக்கம், மறுத்தால் வழக்கை நிறுத்தி வைக்கச் சொல்வார்கள். அந்த டாக்டர் கால் இரண்டின் நீளத்தையும் அளப்பார், குறைவு இருந்தால் சென்டிமீட்டரில் எழுதுவார். தொடையையும் கெண்டைக்காலையும் அளவு நாடாவால் சுற்றி அளப்பார், தசை மெலிந்திருந்தால் தெரியும். கணுக்கால் எவ்வளவு மடங்குகிறது என்று கோணம் பார்ப்பார். நாடா யாருக்காகவும் கூட்டிக் குறைத்துக் காட்டாது, அதனால் தம்பி இயல்பாக இருக்கட்டும். வலிக்காத இடத்தில் வலிக்கிறது என்று சொல்ல வேண்டாம், வலிக்கும் இடத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கவும் வேண்டாம். புட்சாலைப் பற்றிக் கேட்டால் கார்டில் உள்ளதை அப்படியே சொல்லட்டும்.

அதற்கு முன் உங்கள் தரப்பு நிபுணர் ரிப்போர்ட் கையில் இருக்க வேண்டும். அதில் இன்றைக்கு உள்ள நிலையோடு, இனிமேல் வரப்போவதும் இருக்க வேண்டும். கம்பியை எடுக்க இன்னொரு ஆபரேஷன் தேவையா, எவ்வளவு ஆகும், அதற்கு எத்தனை வாரம் எம்சி? அரசாங்க ஆஸ்பத்திரியில் செய்ய முடியாதா, தனியாரிடம்தான் என்றால் ஏன்? இந்த "ஏன்" இல்லாமல் தனியார் பில்லைக் கொண்டுபோனால் முழுசாகக் கிடைப்பது அபூர்வம். நின்று செய்யும் வேலை இனி எவ்வளவு நேரம் செய்யலாம் என்பதையும் அவர் எழுத வேண்டும். ஓவர்டைம் போன கணக்கு அந்த வரியில்தான் நிற்கிறது. 1956 சிவில் சட்டத்தின்படி 30 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு எதிர்கால வருமான இழப்பைப் பதினாறு வருடத்துக்குக் கணக்கிடுவார்கள். தம்பி வேலையில் இருப்பதால் அந்தக் கணக்கு அப்படியே பொருந்துமா, இல்லை உழைக்கும் திறன் குறைந்ததற்கென்று ஒரு தொகையா என்று விவாதம் வரும், இரண்டையும் மனுவில் கேட்டிருக்கிறாரா என்று வக்கீலிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

பரிசோதனைக்குப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். எத்தனை மணிக்கு உள்ளே போனான், எத்தனை மணிக்கு வெளியே வந்தான், எதையெல்லாம் அளந்தார் என்று அன்றைக்கே ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

ராஜம்மா_ஓய்வு

கவிதா, அந்த 2.15 தாளின் நகல் மங்கலாக இருந்தால் இன்னொரு முறை தெளிவாக எடுத்துத் தரச் சொல்லி இந்த வாரமே கேளுங்கள். எழுதிய டாக்டரின் முத்திரையும் பெயரும் நகலில் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். அவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தால் அந்த முத்திரை இல்லாமல் தேடிப் பிடிப்பது கஷ்டம்.